கடையில் நாற்காலி யாருக்கு?

கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க எட்டுப் பேர் கடைக்குப் போனால், அதில் புடவை பார்ப்பவர்கள் இரண்டு பேர்தான். மிச்சம் ஆறு பேரும் உட்கார இடம் தேடுபவர்கள். முழங்கால் வலிக்கும் பாட்டி, ‘இன்னும் எவ்வளவு நேரம்தான் பார்ப்பீங்க?’ என்று மூன்றாவது முறையாகக் கேட்கும் அப்பா, தூங்கி வழியும் குழந்தை, அந்தக் குழந்தையைத் தோளில் போட்டிருக்கும் சித்தி, செல்போனில் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கும் மாமா, பில் கட்டுவதற்கென்றே வந்திருக்கும் பெரியப்பா.

இந்த ஆறு பேரைக் கடைக்காரர்கள் இப்போது நன்றாகவே கவனிக்கிறார்கள். புதிதாகக் கட்டும் ஜவுளிக்கடையிலும் நகைக்கடையிலும் மாடிக்கு மாடி சோபா போடுகிறார்கள். பக்கத்திலேயே சார்ஜ் ஏற்ற ப்ளக் பாயின்ட், தண்ணீர் கேன், பேப்பர் கப். குழந்தைகளுக்குப் பிளாஸ்டிக் சறுக்குமரம். இதில் பெரிய தாராள மனசு ஒன்றும் கிடையாது, கணக்குதான். உட்கார இடம் கிடைக்காத அப்பா அரை மணி நேரத்தில் ‘போதும், கிளம்புங்க’ என்பார். உட்கார்ந்துவிட்ட அப்பா இரண்டு மணி நேரம் தாங்குவார். அந்தக் கூடுதல் ஒன்றரை மணி நேரத்தில் இன்னும் நான்கு புடவை விற்றுவிடும். சோபாவுக்குப் போட்ட காசை ஒரு முகூர்த்த சீஸனில் எடுத்துவிடலாம்.

இப்போது கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் பாருங்கள். நாற்பதாவது புடவையை உதறி விரித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார் ஒரு பெண். காலையில் கடை திறந்தபோது நிற்க ஆரம்பித்தவர். நடுவில் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் உட்கார்ந்திருப்பார். இரவு ஷட்டர் இறங்கும்வரை இனி நின்றாக வேண்டும். அவருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருக்கிறதா?

இருக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லிருந்து சட்டமே இருக்கிறது. ஸ்டூல்தான் பல கடைகளில் கண்ணில் படுவதில்லை.

மெத்தையும் திண்டும்

பழைய ஜவுளிக்கடைகளில் இந்தக் கேள்விக்கே வேலை இருந்ததில்லை. தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் மேடை, அதன்மேல் மெத்தை, வெள்ளை விரிப்பு, சாய்ந்துகொள்ளத் திண்டு. செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஏறி உட்கார வேண்டும். வாங்க வந்தவரும் சம்மணம் போட்டு உட்காருவார், விற்பவரும் சம்மணம் போட்டு உட்காருவார். ஒரு பையன் மட்டும் எழுந்து எழுந்து அலமாரியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டிருப்பான். காஞ்சிபுரத்தில் நெசவாளர் வீட்டுக்குப் போய்ப் பட்டு வாங்கியவர்களுக்கு அந்தக் காட்சி தெரியும். அங்கே ஒரு பாய்தான் மொத்த ஷோரூமும்.

அதை யாரும் இன்டீரியர் டிசைன் என்று சொன்னதில்லை. ஆனால் வேலைக்கும் வாடிக்கையாளருக்கும் பொருந்தி வந்த ஏற்பாடு அது. ஆறு கஜத்தை மடியில் போட்டு, முந்தானையை நீளமாக விரித்துப் பார்க்கத் தரைதான் வசதி. பேரம் படியவும் நேரம் பிடிக்கும். நின்றுகொண்டு பேரம் பேச முடியாது!

பிறகு கடை மாடி ஏறியது. ஒரு மாடி நான்காகி, நான்கு ஏழாகி, லிஃப்ட்டும் எஸ்கலேட்டரும் வந்தன. செருப்புக் காலோடு உள்ளே நுழையும் கூட்டத்துக்கு மெத்தை சரிப்படாது என்று கண்ணாடி கவுன்ட்டர் வந்தது. முழங்கால் மடக்கித் தரையில் உட்கார முடியாத வாடிக்கையாளர்களுக்கு அது நிம்மதிதான். அவர்களுக்கு இந்தப் பக்கம் குஷன் ஸ்டூல் போட்டார்கள். அந்தப் பக்கம் விற்பவர் எழுந்து நின்றார். நின்றவர் நின்றவர்தான்.

ரெடிமேட் வந்தபோது கடை இன்னொரு முறை மாறியது. பொருளை வாடிக்கையாளரே எடுத்துக்கொள்ளும் முறையை 1916-ல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் தன் பிக்லி விக்லி மளிகைக்கடையில் தொடங்கினார். ரேக்குகளுக்கு நடுவே நடந்து, கூடையில் போட்டுக்கொண்டு, வாசலில் பணம் கட்டிவிட்டுப் போகலாம். நம் ஊர் சூப்பர் மார்க்கெட்டும், சட்டையை ஹேங்கரில் தொங்கவிடும் துணிக்கடையும் அதன் பேரப்பிள்ளைகள். எடுத்துக் கொடுக்கும் வேலை குறைந்ததால் ஊழியரின் கால்களுக்கு ஓய்வு கிடைத்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. வாடிக்கையாளர் கலைத்துப் போட்டதை மடித்து வைக்க, சைஸ் தேடித்தர, யாராவது எதையாவது பையில் போடுகிறார்களா என்று பார்க்க என ரேக்குக்கு ஒருவரை நிறுத்தினார்கள். கவுன்ட்டர் இருந்தபோது சாய்ந்துகொள்ளவாவது ஒரு விளிம்பு இருந்தது. ரேக்குகளுக்கு நடுவில் அதுவும் போனது.

உட்கார்ந்திருந்தால் என்ன குறைந்துவிடும்? வேலையில்லாமல் சோம்பலாக இருப்பது போலத் தெரியும் என்பது முதலாளிகள் சொல்லும் காரணம். சொல்லாத காரணம் ஒன்று உண்டு. பெரிய மனிதர் முன்னால் உட்காரக் கூடாது என்ற பண்ணையார் வீட்டு மரியாதை ஏசி போட்ட ஷோரூமுக்குள்ளும் வந்து நிற்கிறது. வாடிக்கையாளரே இல்லாத மத்தியான வேளையில்கூட உட்கார்ந்தவரைப் பார்த்துச் சூப்பர்வைசர் முறைப்பதற்கு வேறு விளக்கம் கிடைப்பது கஷ்டம். 2010-ல் வசந்தபாலன் இயக்கி வெளிவந்த ‘அங்காடித் தெரு’ படத்தைப் பார்த்த பிறகு ரங்கநாதன் தெருவில் துணி எடுக்கச் சங்கடப்பட்டவர்கள் உண்டு. சங்கடம் ஒரு தீபாவளிவரை இருந்திருக்கும்.

காலுக்கு அந்தச் சலுகை இல்லை. நாள் முழுக்க நின்றால் ரத்தம் காலிலிருந்து மேலே ஏறத் திணறும். பாதம் வீங்கும். ஆண்டுக்கணக்கில் நின்றால் நரம்பு புடைத்துச் சுருண்டுகொள்ளும் வெரிகோஸ் வெயின் வரும். அதோடு இடுப்பு வலி, குதிகால் வலி. இத்தனைக்கும் இந்த வேலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள்.

கழிப்பறையில் தொடங்கிய போராட்டம்

இதை முதலில் பெரிய பிரச்னையாக்கியது கேரளம். கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெரு கடைகளில் வேலை பார்த்த பெண்கள் முதலில் கேட்டது நாற்காலி அல்ல, கழிப்பறை. கடைக்குள் கழிப்பறை இல்லாததால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வேலை பார்த்தார்கள். தையல் வேலை செய்துவந்த விஜி, அவர்களைச் சேர்த்து ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைத் தொடங்கினார். கழிப்பறைக்கு அடுத்து வந்தது ‘இரிக்கான் உள்ள அவகாசம்’, அதாவது உட்காரும் உரிமை. 2018-ல் கேரள அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தியது. அதே ஆண்டு பிபிசி வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் விஜியின் பெயர் இருந்தது.

மூன்றாண்டு கழித்துத் தமிழ்நாடு. 2021 செப்டம்பர் 6 அன்று அமைச்சர் சி.வி.கணேசன் சட்டமன்றத்தில் மசோதாவைத் தாக்கல் செய்தார். அதே மாதம் அது நிறைவேறியது. 1947-ம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. அது சொல்வது இதுதான்: ஒவ்வொரு நிறுவனத்திலும் எல்லா ஊழியர்களுக்கும் பொருத்தமான இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அவர்கள் உட்கார முடிய வேண்டும், வேலை நேரம் முழுவதும் காலிலேயே நிற்கும் நிலை கூடாது.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. தொழிற்சாலையில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு இடையிடையே உட்கார இருக்கை தர வேண்டும் என்று 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 44-வது பிரிவிலேயே சொல்லிவிட்டது. ஆலைத் தொழிலாளிக்குக் காகிதத்திலாவது கிடைத்த ஸ்டூல், ஜவுளிக்கடைப் பெண்ணுக்குக் காகிதத்தில் வந்து சேர 73 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. இங்கிலாந்தில் இது இன்னும் பழைய கதை. கடைகளில் மூன்று பெண் ஊழியர்களுக்கு ஓர் இருக்கையாவது வேண்டும் என்று 1899-லேயே அங்கே தனிச் சட்டம் போட்டுவிட்டார்கள்.

நம் சட்டத்தில் எத்தனை பேருக்கு எத்தனை ஸ்டூல், என்ன உயரம் என்ற கணக்கெல்லாம் கிடையாது. ‘பொருத்தமான’ என்பதோடு சரி. அந்த ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கொடுக்க வேண்டியவர்கள் கடையின் உள்ளமைப்பை வரைகிறவர்கள். விஷயம் தடுக்கி விழுவது அங்கேதான்.

ஆசாரி கேட்காத கேள்வி

கடைக்குக் கவுன்ட்டர் அடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? பிளைவுட் பெட்டி. முன்பக்கம் லேமினேட், மேலே கண்ணாடி. ஊழியர் நிற்கும் பக்கம் முழுக்க இழுப்பறைகளும் தட்டுகளும், மேலிருந்து கீழ்வரை. ஓர் அங்குலம்கூட வீணாக்கக் கூடாது, எல்லா இடத்திலும் சரக்கு அடுக்க வேண்டும். இந்தப் பெட்டிக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பாருங்கள். முழங்கால் இழுப்பறையில் இடிக்கும். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, கையை எட்டி நீட்டித்தான் எதையும் எடுக்க முடியும். ஐந்து நிமிடத்தில் இடுப்பு வலிக்கும். ‘ஸ்டூல் போட்டிருக்கோம் சார், அவங்கதான் உட்கார மாட்டேங்கிறாங்க’ என்று மேனேஜர் சொல்வது பல இடங்களில் உண்மையாகவே இருக்கும். அந்தக் கவுன்ட்டரில் யாராலும் உட்கார முடியாது.

இரண்டாவது தடை நடைவழி. கவுன்ட்டருக்கும் பின்னாலுள்ள ரேக்குக்கும் நடுவே ஒருவர் நகரும் அளவுக்குத்தான் இடம் விடுவார்கள். தி.நகரிலோ மதுரை மாசி வீதிகளிலோ சதுர அடி வாடகையை நினைத்தால் கடைக்காரரைக் குறை சொல்லவும் முடியாது. அங்கே ஸ்டூலைப் போட்டால் சக ஊழியர் கடந்து போக முடியாது. கடைசியில் ஸ்டூல் ஸ்டாக் ரூமுக்குப் போய், அதன்மேல் அட்டைப்பெட்டி ஏறிவிடும். தொழிலாளர் துறை ஆய்வாளர் வரும்போது எண்ணிக் காட்ட வெளியே வரும்.

இதற்கெல்லாம் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை. கவுன்ட்டரின் ஊழியர் பக்கத்தில், ஐந்தாறு அடிக்கு ஓர் இடத்தில் இழுப்பறையை விட்டுவிட்டு முழங்கால் நுழைய ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழிவாக அடித்தால் போதும். மூன்றடி உயரக் கவுன்ட்டர் என்றால் இரண்டடி, இரண்டேகால் அடி உயர ஸ்டூல். கால் தொங்காமல் இருக்கக் கீழே ஒரு கம்பி. இப்படி உட்கார்ந்தவரின் கண், எதிரே நிற்கும் வாடிக்கையாளரின் கண்ணுக்குக் கொஞ்சம்தான் கீழே இருக்கும். அதனால் ‘மரியாதை’ கவலையும் பாதி தீரும். இடமே இல்லாத கடைக்கு, ரயிலில் டி.டி.ஆர் உட்காருவாரே, அதுபோலச் சுவரில் பொருத்தி மடக்கிவிடும் பலகை இருக்கிறது. ரேக்குகளுக்கு நடுவே, ஆள் சாய்ந்து அரைகுறையாக உட்காரும் சாய்மானம் வைக்கலாம். நகைக்கடையில் இதைவிட எளிது. வாடிக்கையாளர் எப்படியும் உட்கார்ந்துதான் நகை பார்க்கிறார், எதிரே இருப்பவர் மட்டும் குனிந்து நிற்கிறார். கவுன்ட்டர் ஏற்கெனவே உட்காரும் உயரத்தில்தான் இருக்கிறது!

விலையும் அதிகமில்லை. குறுக்கே நிற்பது நேரம்தான். வரைபடம் போடும்போது ஸ்டூலுக்கு ஒரு வட்டம் வரைந்தால் எல்லாம் அதைச் சுற்றி அமைந்துவிடும். லேமினேட் ஒட்டி, கண்ணாடி பொருத்தி, பூஜை போட்டுத் திறந்த பிறகு யாரும் கவுன்ட்டரை அறுக்கப் போவதில்லை. கடை வரைபடத்தில் வாடிக்கையாளர் எங்கே நுழைவார், எங்கே திரும்புவார், எந்த இடத்தில் கண் நிற்கும் என்பதற்கெல்லாம் அம்புக்குறி இருக்கும். பத்து மணி நேரம் உள்ளே இருக்கப்போகிறவருக்கு ஒரு புள்ளிகூட இருக்காது.

அந்தப் பத்து மணி நேரமும் நீண்டுகொண்டிருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் ஆண்டின் எல்லா நாளும், இரவு பகல் பாராமல் திறந்திருக்கலாம் என்று 2019-ல் தமிழக அரசு அனுமதி கொடுத்தது. ஆபீஸ் முடிந்து ஒன்பது மணிக்கு வரும் வாடிக்கையாளருக்கு அது வசதி. ஷிஃப்ட் பிரித்துக் கொடுக்கிற கடையில் ஊழியருக்கும் தொல்லையில்லை. பிரித்துக் கொடுக்காத கடையில் என்ன ஆகும் என்று கால்களைத்தான் கேட்க வேண்டும்.

செல்போனோடு வரும் வாடிக்கையாளர்

இதற்கு நடுவே வாடிக்கையாளரும் மாறிவிட்டார். முன்பெல்லாம் ‘ஏதாவது மாம்பழக் கலர்ல காட்டுங்க’ என்று வருவார்கள். இப்போது ஸ்க்ரீன்ஷாட்டோடு வருகிறார்கள். இன்ஸ்டாகிராமில் பார்த்த புடவை, ஆன்லைன் விலை, பக்கத்துக் கடை விலை எல்லாம் கையில். ‘இது இருக்கா, இல்லையா?’ ஒரே கேள்வி. இருந்தால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

வராமலே வாங்குகிறவர்களும் பெருகிவிட்டார்கள். கொரோனா ஊரடங்கில் வீடியோ காலில் புடவை காட்டப் பழகிய கடைகள், அதை விடவில்லை. சிங்கப்பூரிலிருக்கும் மகளும் மாம்பலத்திலிருக்கும் அம்மாவும் ஒரே நேரத்தில் ஒரே புடவையைப் பார்த்து, வேறு வேறு அபிப்பிராயம் சொல்லலாம். இதற்காகக் கடைக்குள் ஒரு மூலையை ஒதுக்குகிறார்கள். வெள்ளைச் சுவர், ரிங் லைட், ட்ரைபாட். மஞ்சள் விளக்கில் பட்டின் நிறம் கேமராவில் மாறிவிடுவதால் அங்கே மட்டும் பகல் வெளிச்சம் போன்ற விளக்கு. பின்பக்கத்தில் பார்சல் கட்ட மேஜை, டேப், எடை மெஷின். அந்த மேஜையும் நின்று கட்டும் உயரத்தில்தான் பெரும்பாலும் இருக்கிறது.

கல்லாவும் சுருங்கிவிட்டது. வாசலைப் பார்த்து உயரமான பீடம், அதில் முதலாளி, முன்னால் மரப்பெட்டி, தலைக்கு மேல் சாமி படமும் அப்பாவின் படமும் என்று இருந்த கல்லா, க்யூஆர் கோடு ஒட்டிய சிறு மேஜையாகிவிட்டது. 2016-ல் யுபிஐ வந்தபோது இப்படி ஆகும் என்று யார் நினைத்தார்கள்? பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்ல ஒரு பெட்டி, அவ்வளவுதான்.

கடைக்காரர்கள் பார்க்கத் தவறும் வாய்ப்பு இங்கே இருக்கிறது. கல்லா சுருங்கியதாலும் சரக்கில் ஒரு பகுதி செல்போனுக்குள் போனதாலும் கடைக்குள் கொஞ்சம் இடம் மிச்சமாகிறது. அந்த இடத்தில் பெரும்பாலும் செல்ஃபி எடுக்க ஊஞ்சலும் காகிதப்பூச் சுவரும்தான் வருகின்றன. ஊஞ்சல் வரட்டும், அழகுதான். அதில் ஊழியர் உட்காரக் கூடாது என்று மட்டும் எழுதி வைக்காமல் இருக்கலாம்.

நின்று சாப்பிடும் ஊர்

ஹோட்டலில் நாற்காலி இழந்தவர் வாடிக்கையாளர். பழைய மெஸ்களில் நீளமான மேஜை, எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள், எதிர்ப்பக்கம் பரிமாறுகிறவர் சாம்பார் வாளியோடு நடப்பார். வாளியோடு யாரையும் இடிக்காமல் போகவும், இலை எடுக்கவும் அதைவிட நல்ல அமைப்பு இல்லை. 1980-களில் பெங்களூரில் தர்ஷினிகள் பரவின. டோக்கன் வாங்கி, தட்டை நீங்களே எடுத்துக்கொண்டு, நெஞ்சளவு மேஜையில் வைத்து நின்றபடி சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். சின்ன இடத்தில் நிறையப் பேர். வேலைக்கு ஓடுகிறவருக்கு மலிவாக, சூடாக, சட்டென்று டிபன். சென்னையிலும் கோவையிலும் இப்போது அதே மாதிரிக் கடைகள் தெருவுக்கு இரண்டு. பரிமாற ஆள் கிடைப்பதில்லை என்பதும் இதற்கு ஒரு காரணம்.

எழுபது வயதுப் பெரியவர் ஒரு கையில் கைத்தடியும் ஒரு கையில் தட்டுமாக அங்கே நிற்பதைப் பார்த்தால்தான் வடிவமைப்பின் மறுபக்கம் தெரியும். சுவரோரம் நான்கு தாழ்ந்த மேஜையும் எட்டு நாற்காலியும் போட்டுவிட்டால் வியாபாரம் படுத்துவிடாது. போட்டிருக்கும் கடைகளில் அந்த நாற்காலிகள் காலியாக இருப்பதே இல்லை.

காபி ஷாப்பில் சிக்கல் நேர்மாறானது. வந்தவர் எழுந்து போவதில்லை. வீட்டிலிருந்து வேலை என்று ஆனபிறகு, ஒரு கேப்பச்சினோவோடு லேப்டாப்பைத் திறந்து நான்கு மணி நேரம் மீட்டிங் நடத்துகிறார்கள். கடைக்காரர்களும் சளைத்தவர்களில்லை. சில மேஜைகளுக்கு மட்டும் ப்ளக் பாயின்ட், மற்ற இடங்களில் குஷன் இல்லாத நாற்காலி. குஷன் இல்லாத நாற்காலி பேசாமலே ஆளை எழுப்பிவிடும்.

ஆபீஸ் கதை தனியாக எழுத வேண்டிய அளவுக்குப் பெரியது. ஒன்று மட்டும். 1968-ல் ஹெர்மன் மில்லர் நிறுவனத்துக்காக ராபர்ட் ப்ராப்ஸ்ட் உருவாக்கிய ‘ஆக்‌ஷன் ஆபீஸ்’ தடுப்புகள், ஒவ்வொருவரும் தன் வேலைக்கேற்ப இடத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதற்காக வந்தவை. நிறுவனங்கள் அவற்றைக் கொண்டு ஆளுக்கொரு கூண்டு கட்டின. பின்னாளில் ப்ராப்ஸ்ட்டே நொந்துபோனார். பிறகு கூண்டை உடைத்துத் திறந்தவெளி ஆபீஸ் என்றார்கள், எல்லோரும் கலந்து பேசுவார்கள் என்று. 2018-ல் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் ஆய்வாளர்கள் அப்படித் தடுப்பை எடுத்த இரண்டு பெரிய அலுவலகங்களை அளந்து பார்த்தபோது, நேருக்கு நேர் பேசுவது சுமார் 70 சதவிகிதம் குறைந்திருந்தது. எல்லோரும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மெயில் அனுப்பினார்கள்.

இப்போது வாரத்துக்கு மூன்று நாள் ஆபீஸ் என்ற இடங்களில், சொந்த நாற்காலியே கிடையாது. செயலியில் புக் செய்து, கிடைத்த இடத்தில் உட்கார வேண்டும். குழந்தையின் போட்டோ, சாமி படம், சின்னச் செடி எல்லாம் மேஜையிலிருந்து லாக்கருக்குப் போய்விட்டன. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஓ.எம்.ஆரில் உட்கார்ந்திருப்பவருக்கு முதுகுக்கு, கழுத்துக்கு, முழங்கைக்கு என்று அளவெடுத்த நாற்காலி தருகிறார்கள். அதே கட்டடத்தின் வாசலில் நிற்கும் செக்யூரிட்டிக்கு, கைப்பிடி உடைந்த பிளாஸ்டிக் சேர் கிடைத்தால் பெரிது. 22-ஏ அவருக்கும் சேர்த்துத்தான்.

வாசலில் நிற்கும் சட்டைகள்

கடைசியாகச் சேர்ந்தவர்கள் இன்னும் வெளியே நிற்கிறார்கள். இரவு எட்டரை மணிக்கு எந்தப் பிரபல பிரியாணிக் கடைக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். உள்ளே இருக்கும் கூட்டத்துக்குச் சமமாக வெளியே ஆரஞ்சு, சிவப்புச் சட்டைகள். சில ஹோட்டல்களில் விற்பனையில் பெரும்பங்கு அவர்கள் பை வழியாகத்தான் போகிறது. சுறுசுறுப்பான ஹோட்டல்கள் அதற்காக உள்ளமைப்பை மாற்றிவிட்டன. பார்சலுக்குத் தனி ஜன்னல், ஆர்டர் எண்ணைக் காட்டும் திரை, கட்டிய பைகளை அடுக்க வரிசைத் தட்டு. பைக்கு இடம் வந்துவிட்டது. எடுத்துப் போகிறவருக்கு இடம் வரவில்லை.

உணவு தயாராகும்வரை அவர் வண்டி மேலேயே உட்கார வேண்டும். மழை வந்தால் பக்கத்துக் கடை ஷட்டருக்குக் கீழே. கழிப்பறை கேட்டால் ‘கஸ்டமருக்கு மட்டும்’ என்று பதில் வரும் இடங்கள் உண்டு. டெலிவரி வேலைக்கு வரும் பெண்களைக் கேட்டால் மிட்டாய்த் தெருப் பெண்கள் சொன்ன அதே கதையைச் சொல்வார்கள், காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது உட்பட. கடைச் சட்டத்தின் ஸ்டூல் இவர்கள்வரை எட்டாது. இவர்கள் அந்த ஹோட்டலின் ஊழியர்கள் இல்லை. செயலி நிறுவனத்தைக் கேட்டால் அங்கும் இவர்களுக்குப் பெயர் ‘பார்ட்னர்’.

2025-ல் சென்னை மாநகராட்சி அண்ணா நகரில் இவர்களுக்கென்றே ஓர் ஓய்வறையைத் திறந்தது. ஏசி, இருக்கைகள், போன் சார்ஜ் போடும் வசதி, கழிப்பறை. சாலையோரத்தில் சின்னதாக ஒரு கண்ணாடி அறை. டெலிவரி இல்லாத பத்து நிமிடத்துக்கு அங்கே போய் உட்காரலாம், ஆர்டர் சத்தம் கேட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். பிரியாணிக் கடை வாசலிலிருந்து அது எத்தனை தெரு தள்ளி இருக்கிறது என்பதைப் பொறுத்தது.